நல்லெண்ணம் நட்ட ஈடாகுமா?

பாரிஸ் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நம்பி அனுப்பிற்று. பிரிஸ்பேன் நகரத்துத் தாவரக் காப்பகம் ஆவலோடு காத்திருந்தது. இடையிலே நின்றது தடுப்புக்காவல் துறை. எரிந்து சாம்பலாயின 105 உலர்தாவர மாதிரிகள்!

2017ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்தது இது. 19ஆம் நூற்றாண்டிலே திரட்டப்பட்டவை அவை. ஒரு செடிக்கு இன்ன பெயர் என்பதற்கே சான்றாக நிற்கும் மூல மாதிரிகளும் அவற்றிலே இருந்தன. அவை செய்த குற்றம் என்ன? நோயா? பூச்சியா? இல்லை, தாளிலே குறை! கேட்ட விவரங்கள் தவறான மின்னஞ்சல் முகவரிக்குப் போயின; வாரங்கள் ஓடின; பேச்சு முடியுமுன் தீ முந்திக்கொண்டது. தவறுதான் என்று துறையினரே பின்னர் ஒப்புக்கொண்டனர்.

தடுப்புக்காவலே கூடாது என்போர் அல்லர் நாம். அயல்நாட்டுப் பூச்சி ஒன்று நுழைந்தால் அழிவது ஒருவன் வயல் அல்ல, ஊரார் வயல். நோயுற்ற சரக்கைக் கொளுத்தட்டும். அந்த நட்டம் உடையவனைச் சார்ந்ததே. ஆனால், அதிகாரியின் அவசரத்தால் அழிந்த சரக்குக்கு யார் பொறுப்பு?

ஆஸ்திரேலியாவின் 2015ஆம் ஆண்டு உயிர்க்காப்புச் சட்டத்தில் இழப்பீட்டுப் பிரிவுகள் உண்டு. அதே சட்டம், நல்லெண்ணத்துடன் செய்தவற்றுக்காக அதிகாரிமீது மட்டுமல்ல, அரசின்மீதும் உரிமையியல் வழக்குத் தொடுக்க இயலாது என்கிறது. ஒரு கையால் கொடுத்து, மறு கையால் கதவைச் சாத்துவதா?

நம் நாட்டு நிலை என்ன? 1914ஆம் ஆண்டின் அழிவுப் பூச்சிகள் சட்டமும், நல்லெண்ணத்துடன் செய்த எதற்கும் எவர்மீதும் வழக்கில்லை என்கிறது. வெள்ளையர் போய்விட்டனர்; அவர்கள் எழுதிவைத்த கவசம் மட்டும் போகவில்லை!

அதிகாரிக்குக் கவசம் இருக்கட்டும். சொந்தச் சொத்து போய்விடும் என்று அஞ்சுபவன் எல்லையைக் காக்கமாட்டான். ஆனால், கருவூலத்துக்கு ஏன் கவசம்? காவலின் பயன் நாட்டு மக்கள் அனைவருக்கும். தவறின் சுமை மட்டும் பெட்டிக்கு உடைய ஒருவனுக்கோ?

அந்தப் பொதியின்மீது குறித்திருந்த மதிப்பு வெறும் 2 டாலர்! விற்பனைச் சரக்கல்ல என்பதால் எழுதிய எண் அது. அதைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட இயலுமா? எரித்தபின் ஈடு தருவது ஒரு பாதி நீதி. எரிக்குமுன் உடையவனுக்கு உரிய அறிவிப்பு, மேல்முறையீட்டுக்கு உரிய நாள், இவை மறு பாதி. இரண்டையும் சட்டமாக்குக என்கிறோம்.

நல்லெண்ணம் நல்லதுதான். அது சாம்பலைச் செடியாக்காது!