தேசிக்காய் வைச்சம், நிறை பார்க்கேல்லை

இந்த வார எபிசோட்டில் ட்ரெய்லர் ஸ்வே கண்ட்ரோலை நல்லாப் புகழ்ந்து தள்ளினோம். பின்னால் இழுக்கிற கேம்பர் ஆடத் தொடங்கினால் கார் அதை உணர்ந்து, சில்லுகளுக்குத் தனித்தனியாகப் பிரேக் பிடிச்சு, எஞ்சின் விசையையும் குறைக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் மைக்கை நிறுத்தின பிறகு எனக்கு மனம் கேக்கேல்லை. எங்கட வீட்டில் நடந்ததை நான் சொல்லாமல் விட்டுட்டன்.

போன ஈஸ்டருக்கு பென்டில் ஹில்லில் இருந்து கயாமாப் பக்கம் போனோம். ஏழு சீட் எஸ்யுவியில் ஏழு பேர். பின்னால் சித்தப்பாவிடம் இரவல் வாங்கின கேம்பர். வழியில் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் நிறுத்தி, தேங்காய் உடைச்சு, காரின் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சோம். கேம்பரின் ரெண்டு சில்லுக்கும் வைக்கச் சொல்லி அம்மா ஞாபகப்படுத்தினா. டயரில் காற்று எவ்வளவு என்று ஒருவரும் பார்க்கேல்லை.

திரும்ப மோட்டர்வேயில் ஏறி, மவுண்ட் ஔஸ்லி இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னம், ஒரு பெரிய லொறி எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் கேம்பர் இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்தது. பிறகு நிற்கவே இல்லை. ஒரு கண்ணாடியில் கேம்பர் முழுசாத் தெரியுது, அடுத்த செக்கன் மற்றக் கண்ணாடியில் தெரியுது. அப்பா பயத்தில் பிரேக்கை இறுக்கி மிதிச்சார். அது செய்யக்கூடாத வேலை. அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடிக்க வேணும். எலெக்ட்ரிக் பிரேக் கண்ட்ரோலர் இருந்தால் கையால் கேம்பரின் பிரேக்கை மட்டும் போட வேணும். எங்களிட்ட கண்ட்ரோலர் இருந்தது. எந்தப் பட்டன் என்று அப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒருமாதிரி ஓரத்தில் நிறுத்தினோம். பெருமாள் கோயிலில் இருந்து வந்த அம்மம்மா "முருகா, முருகா" என்றபடி இருந்தா. எங்கட காரிலும் ஸ்வே கண்ட்ரோல் இருக்கு. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றினது அதுவாகவும் இருக்கலாம். ஆனால் பிழையாக ஏற்றினதை அது ஒரு வார்த்தை சொல்லேல்லையே.

வீட்டுக்கு வந்த பிறகு, திருப்பிக் கொடுக்க முதல், எல்லாவற்றையும் அதே மாதிரி ஏற்றிக்கொண்டு ஒரு பொது வெயிட்பிரிட்ஜுக்குப் போனேன். ஆட்களின் நிறையைக் கடைசியில் கூட்டினேன். விளம்பரத்தில் எங்கட கார் 2,000 கிலோ இழுக்கும். கேம்பர் வந்தது 1,400. "பார், 600 கிலோ மிச்சம்" என்றார் அப்பா. எங்கட சனம் ஏமாறுகிற இடம் இதுதான்.

பார்க்க வேண்டியது ஜிவிஎம், அதாவது ஆட்களும் சாமானும் சேர்த்து கார் சுமக்கக்கூடிய முழு நிறை. எங்கட காருக்கு ரவுண்ட் பண்ணினால் 2,600. வெறுங்கார் 2,000. ஆக 600 கிலோதான் கையில் இருக்கு. ஏழு பேருக்கு ஆளுக்கு 65 போட்டால் 455. டோபார் 30. பூட்டில் பைகள் 60. மிச்சம் 55 கிலோ. கேம்பரின் முன்பக்கம் டோபோலில் அழுத்துகிற பாரமும் இதற்குள்தான் வரும். இங்கே வழமையாகச் சொல்லுறது கேம்பர் நிறையில் பத்து வீதம், அப்படியென்றால் 140. (உங்கட காரின் உச்ச அளவு இதைவிடக் குறைவாக இருக்கலாம், கையேட்டில் பாருங்கோ.) சரியாக ஏற்றினால் கார் 85 கிலோ கூட. எங்களுக்கு டோபோலில் இருந்தது வெறும் 60. ஏனென்றால் தண்ணி கேஸ், கரி மூட்டை, அரிசிப் பை எல்லாத்தையும் "இடமிருக்குத்தானே" என்று கேம்பரின் பின் பெட்டியில் தள்ளியிருந்தோம். அதனால்தான் ஆடினது.

பின்னால் ஏற்றினால் கேம்பர் ஆடும், முன்னால் ஏற்றினால் கார் தாங்காது. ஏழு பேரோட இதற்கு விடையே இல்லை. விளம்பரத்தில் வருகிற 2,000 கிலோ, ஏழு சீட்டும் நிறைஞ்ச காருக்கான 2,000 இல்லை. ஏழு சீட்டையும் இழுவையையும் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறது எனக்குப் பிடிக்கேல்லை. நாங்கள் ஏழு சீட் வாங்குறதே அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போகத்தானே.

மொடலைப் பார்த்தும் நம்ப ஏலாது. 2019இல் இங்கே வந்த ராவ்4 ஹைபிரிட்டில் நாலு சில்லும் இழுக்கிற வகைக்கு 1,500 கிலோ, ரெண்டு சில்லு மட்டும் இழுக்கிறதுக்கு 480. வெளியில் பார்த்தால் ஒரே கார்.

அப்பாவிட்ட இதைச் சொல்லுறதுதான் பெரிய வேலை. "95இல லாண்ட்மாஸ்டர்ல ரெண்டு குடும்பத்தை ஏத்திக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டினனான். நீ எனக்கு இழுக்கச் சொல்லித் தாறியோ?" அந்தக் கதைக்கு முன்னால் யார் வாய் திறக்கிறது? ஆனால் அன்றைக்கு அந்தச் சனக்கூட்டத்துக்குள் லாண்ட்மாஸ்டர் போனது நடை வேகத்தில். 5 கிலோமீட்டர் வேகம் 100 ஆனால் இருபது மடங்கு. அதே நிறைக்குள் இருக்கிற சக்தி நானூறு மடங்கு.

இந்தக் கணக்கு அப்பாவிடம் எடுபடேல்லை. டோபோல் பாரம், ஏடிஎம், ஜிசிஎம் என்று நான் அடுக்க, "ஏடிஎம் காசு எடுக்கிறதெல்லோ" என்றார். ஏடிஎம் என்றால் கேம்பர் ஏற்றக்கூடிய முழு நிறை. ஜிசிஎம் காரும் கேம்பரும் சேர்ந்து. கடைசியில் கேம்பரைக் கழட்டி, பின்பக்கத்தைக் கையால் அமத்திக் காட்டினேன். முன்பக்கம் மேலே எழும்பினது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "உது பின்பாரமெல்லோ. மாட்டு வண்டியில பின்பாரம் ஏத்தினா நுகம் எழும்பி மாட்டின்ர கழுத்தை இறுக்கும். எங்கட அப்பு விடவே மாட்டார்." விசயம் எல்லாம் அவருக்குத் தெரிஞ்சதுதான். பெயர் மட்டும்தான் தெரியேல்லை.

இதை வாசிக்கிற சிலர் இன்னும் பி பிளேட். நியூ சவுத் வேல்ஸில் எல் பிளேட்டில் ஒன்றும் இழுக்க ஏலாது. சிவப்பு பி என்றால் வெறும் நிறை 250 கிலோவுக்கு மேல் உள்ள ட்ரெய்லர் இழுக்க ஏலாது. "மச்சான், கொஞ்சத் தூரம் நீ ஓடு" என்று யாரும் சாவியைத் தந்தால் வாங்காதீங்கோ.

இந்த முறை காரில் ஐந்து பேர், மற்ற ரெண்டு பேரும் தங்கச்சியின் காரில். கரியும் தண்ணியும் கேம்பரின் அச்சுக்கு மேலே, கொஞ்சம் முன்தள்ளி. வெயிட்பிரிட்ஜில் டோபோல் 140 காட்டினது, கார் 2,555. அப்பா ரசீதை மடிச்சு, டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைச்சார். வெளிக்கிடுற நேரம் பார்த்து அம்மா இன்னொரு பத்துக் கிலோ அரிசிப் பையோட வந்தா. "பின்னால வைக்கேல்லை, மடியில வைச்சிருக்கிறன்." மடியில் வைச்சாலும் அது பத்துக் கிலோதான். நான் ஒன்றும் சொல்லேல்லை. 45 கிலோ மிச்சம் இருந்தது.