பெரிய ஊருக்கு முதல் பந்தி

டெலிவிஷனில் யார் ஆட்டம் தெரிகிறது? யார் ஆட்டம் மறைகிறது?

மாலை மணி ஏழரை. ஒரகடம் கூட்டு ரோட்டில் வண்டிகளின் இரைச்சல் ஓயவில்லை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் அது. முதல் ஷிப்ட் முடித்த தொழிலாளர்கள் குளித்து, உடை மாற்றிக்கொண்டு, டீக்கடைகளின் முன் கூடுகிறார்கள். கடைகளில் டெலிவிஷன் ஓடுகிறது. கோடைக் காலம் வந்துவிட்டால் அந்தப் பெட்டிகளில் ஒரே காட்சிதான்: ஐ.பி.எல். கிரிக்கெட்!

கூட்டத்தில் திருவண்ணாமலைக்காரர் இருக்கிறார், விழுப்புரத்துக்காரர் இருக்கிறார். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். சென்னைக் கோஷ்டி ஆடினால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆரவாரம் செய்கிறார்கள். வெளிமாநிலப் பிள்ளைகளுக்குச் சொந்தக் கோஷ்டி எது?

எதுவும் இல்லை. ஐ.பி.எல். போட்டியில் உள்ள பத்துக் கோஷ்டிகளில் ஒடிசாவின் பெயரில் ஒன்று இல்லை. பீகாருக்கு இல்லை. ஜார்க்கண்டுக்கும் இல்லை. ராஞ்சியில் பிறந்து வளர்ந்த தோனியே சென்னையின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஐந்து முறை ஐ.பி.எல். கோப்பையைத் தூக்கினார்.

கோஷ்டி இல்லாத ஊர்களின் கதை இது. கோஷ்டி இருந்தும் முதல் வரிசையில் இடம் கிடைக்காத ஊர்களின் கதையும் உண்டு. அதைச் சற்று விவரமாகப் பார்ப்பது நல்லது.

ஒன்பதாவது இடம், முதல் ஆட்டம்

எந்தப் போட்டியிலும் தொடக்க ஆட்டத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. நாடு முழுவதும் அன்று ஒரே ஆட்டத்தைப் பார்க்கிறது. விளம்பரக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்த மேடையில் ஏறும் உரிமை யாருக்கு? முந்திய ஆண்டு கோப்பையை வென்றவருக்கும், அவரோடு இறுதி ஆட்டத்தில் மோதியவருக்கும் என்பதுதான் நியாயமாகத் தோன்றும். நடந்தது என்ன?

2008-ல் முதல் ஐ.பி.எல். கோப்பையை வென்றது ராஜஸ்தான். மறு ஆண்டு தொடக்க ஆட்டத்தில் இறங்கியது சென்னையும் மும்பையும். கோப்பையை வென்ற ராஜஸ்தானுக்கு அன்றைய இரண்டாவது ஆட்டம்தான் கிடைத்தது.

2018-ல் சென்னை வென்றது. ஐதராபாத் இரண்டாவதாக வந்தது. 2019 தொடக்க ஆட்டத்தில் சென்னையை எதிர்த்தது ஐதராபாத் அல்ல. எட்டுக் கோஷ்டிகளில் ஆறாவதாக நின்ற பெங்களூரு! அந்த ஆட்டத்தில் பெங்களூரு 70 ரன்னுக்குச் சுருண்டது.

2022-ல் குஜராத் வென்றது, ராஜஸ்தான் இரண்டாவது. 2023 தொடக்க ஆட்டத்தில் குஜராத்தை எதிர்த்தது யார்? பத்துக் கோஷ்டிகளில் ஒன்பதாவது இடம் பெற்ற சென்னை! அந்த ஆண்டு சென்னை கோப்பையையே வென்றது உண்மைதான். ஆனால் அட்டவணை போட்டவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க நியாயமில்லை.

2024-லும் இதே கதை. முந்திய ஆண்டு இரண்டாவதாக வந்த குஜராத்தை விட்டுவிட்டு, ஆறாவதாக வந்த பெங்களூருவைச் சென்னைக்கு எதிரே நிறுத்தினார்கள்.

2018 முதல் 2025 வரை எட்டுத் தொடக்க ஆட்டங்கள். சென்னை, மும்பை, பெங்களூரு ஆகிய மூன்றில் ஒன்றாவது இல்லாத தொடக்க ஆட்டம் ஒன்றுகூட இல்லை. பஞ்சாபுக்கு அந்த இடம் ஒரு முறையும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு ரசிகர் இங்கே தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். டில்லி டெலிவிஷன்கள் தெற்கைக் கவனிப்பதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. அதில் நியாயமும் உண்டு. ஆனால் கிரிக்கெட் பந்தியில் முதல் இலை போட்டு உட்கார்ந்திருப்பவர் அவரேதான். "அகப்பைக்காரன் தன்னவனானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன?" என்பது பழமொழி. அகப்பைக்காரன் தன்னவனாக இல்லாதவன் கடைப்பந்தியில் படும் பாடு, முதல் பந்திக்காரனுக்குத் தெரிவதில்லை.

அமெரிக்காவிலும் அதே கதை

இந்தப் பாரபட்சம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் பெரிய ஆட்டம் பேஸ்பால். அங்கே நாடு முழுவதற்கும் காட்டப்படும் ஆட்டங்களில் நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் ஆகிய பெருநகரக் கோஷ்டிகளே திரும்பத் திரும்ப வருகின்றன என்பது சிறு நகர ரசிகர்களின் பழைய புகார். கான்சாஸ் சிட்டி, மில்வாக்கி போன்ற ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார்கள். 2015-ல் உலகத் தொடர் கோப்பையைக் கான்சாஸ் சிட்டியே வென்றது. திறமை சிறு நகரத்தில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சிறு நகரத்தில் இல்லாதது ஜனத்தொகையும், அதை நம்பி வரும் விளம்பரமும்தான்.

நாலாயிரம் வீட்டுக்கு ஒரு மீட்டர்

டெலிவிஷன் நிறுவனத்தாரைக் கேட்டால் அவர்கள் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "ஜனங்கள் பார்ப்பதைக் காட்டுகிறோம்."

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விலை போயின. அவ்வளவு பணத்தைக் கொட்டியவர்கள் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். விளம்பரம் எங்கே கிடைக்குமோ அங்கேதான் காமிரா போகும்.

ஆனால் ஜனங்கள் பார்ப்பது எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சில வீடுகளில் மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். அந்த வீட்டார் எந்தச் சானலை எத்தனை நிமிஷம் பார்த்தார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். அதிலிருந்து நாடு முழுவதற்கும் கணக்குப் போடுகிறார்கள். 2025 ஜூலையில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கொடுத்த விவரப்படி, டெலிவிஷன் உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. மீட்டர் உள்ளவை சுமார் 58,000. அதாவது, ஏறக்குறைய நாலாயிரம் வீடுகளுக்கு ஒரு வீடு பேசுகிறது. மற்ற வீடுகள் சார்பில் அதுவே ஓட்டுப் போடுகிறது.

ஒரகடம், மாத்தூர், வல்லம் பக்கம் ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளி எந்த வீட்டுக் கணக்கில் வருவார்? டீக்கடையில் நின்று பார்ப்பவர் எதில் வருவார்? இரவு ஷிப்ட் பஸ்ஸில் செல்போனில் பார்ப்பவர் எதில் வருவார்? ஊரை விட்டுப் பிழைக்க வந்தவரின் விருப்பம் இப்படிக் கணக்கிலிருந்து எளிதாக நழுவிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு சக்கரம் சுழலத் தொடங்குகிறது. காட்டாத ஆட்டத்தை ஜனங்கள் பார்ப்பதில்லை. ஜனங்கள் பார்க்காத ஆட்டத்துக்கு விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாத ஆட்டத்தைக் காட்டுவதில்லை. இந்தச் சக்கரத்துக்குத் தொடக்கம் எது, முடிவு எது என்று யாராலும் சொல்ல முடியாது!

டயர் இங்கே, விளம்பரம் அங்கே

இதில் ஒரகடத்துக்கு இன்னொரு சம்பந்தமும் உண்டு. இந்த வட்டாரத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வண்டி சம்பந்தமான பொருள்கள் அத்தனையும் உற்பத்தியாகின்றன. கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே வரும் விளம்பரங்களில் பாதியைப் பார்த்து, "இது எங்கள் பக்கத்துக் கம்பெனி" என்று இங்குள்ள தொழிலாளி சொல்லலாம்.

2025 செப்டம்பரில் இந்தியக் கிரிக்கெட் கோஷ்டியின் சட்டையில் பெயர் போடும் உரிமையை அப்பல்லோ டயர்ஸ் நிறுவனம் பெற்றது. 2028 மார்ச் வரை அந்த உரிமை. ஒரகடத்தில் அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை உண்டு. தாம் பிசைந்து வார்த்த டயரின் பெயர் ஆட்டக்காரர்களின் மார்பில் பளிச்சிடுவதைப் பார்க்கும் தொழிலாளிக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

விளம்பரச் செலவு எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது பொருளின் விலையில் அடங்கியிருக்கிறது. மோட்டார் சைக்கிள் வாங்கும் கட்டாக்காரரும் பாட்னாக்காரரும் மும்பைக்காரர் கொடுக்கும் அதே விலையைத்தான் கொடுக்கிறார்கள். டெலிவிஷன் கட்டணமும் அப்படியே. பந்திச் செலவில் எல்லாருக்கும் பங்கு உண்டு. முதல் இலையில் மட்டும் சிலருக்கே இடம்.

சடுகுடு சொன்ன பாடம்

சிறிய ஊர் ஆட்டத்தை ஜனங்கள் பார்க்கவே மாட்டார்கள் என்பது உண்மையா? 2014-ல் அதற்கு ஒரு சோதனை நடந்தது.

அந்த ஆண்டு ஜூலை 26-ந் தேதி புரோ கபடி போட்டி தொடங்கியது. கிராமத்து மந்தையில் கால் புழுதியோடு ஆடிய சடுகுடுவை, நல்ல விளக்கு வெளிச்சத்தில், நல்ல காமிராக்களுடன், ஜனங்கள் வீட்டில் இருக்கும் மாலை நேரத்தில் காட்டினார்கள். முதல் ஆண்டிலேயே 43 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதைப் பார்த்ததாகக் கணக்கு வந்தது. அந்த ஆண்டு ஐ.பி.எல்.லுக்கு அடுத்த இடம் சடுகுடுவுக்கு!

அந்த ஜனங்கள் ஜூலை 26-ந் தேதி திடீரென்று பிறந்தவர்கள் அல்ல. முன்பும் இருந்தார்கள். காமிராதான் அவர்கள் இருந்த பக்கம் திரும்பாமல் இருந்தது.

ஐ.பி.எல்.லில் இடமில்லாத பீகாருக்குச் சடுகுடுவில் இடம் கிடைத்தது. பாட்னாக் கோஷ்டி மூன்று முறை தொடர்ச்சியாகக் கோப்பை வென்றது. வாய்ப்புக் கொடுத்தால் சிறிய சந்தை என்று ஒதுக்கப்பட்ட ஊரும் முதல் வரிசைக்கு வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சடுகுடுவின் தாயகம் என்று மார்தட்டும் தமிழ்நாட்டுக்கு முதல் எட்டுக் கோஷ்டிகளில் இடம் கிடைக்கவில்லை; 2017-ல்தான் கிடைத்தது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

கோவையில் கிடைத்த கோப்பை

இதற்கு நேர்மாறான கதை கோயமுத்தூரில் நடந்தது. சென்னை சிட்டி என்ற கால்பந்துக் கோஷ்டி கோவையைத் தன் ஊராகக் கொண்டு ஐ-லீக் போட்டியில் ஆடியது. 2019 மார்ச் 9-ந் தேதி, நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. புகழ்பெற்ற கல்கத்தாக் கோஷ்டியான ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளியில் பின்தங்கியது.

அந்த ஆண்டுப் போட்டியின் நடுவிலேதான், மீதி ஆட்டங்கள் எல்லாவற்றையும் காட்ட இயலாது என்று ஒளிபரப்பு உரிமை பெற்றிருந்த நிறுவனம் கூறிவிட்டது. கோஷ்டிகள் ஆட்சேபித்தன. காட்டாத ஆட்டத்துக்கு எந்த முதலாளி பணம் போடுவார்? அதே 2019-ல் நாட்டின் முதல்தரக் கால்பந்துப் போட்டி என்ற அந்தஸ்து ஐ.எஸ்.எல். போட்டிக்குப் போயிற்று. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லவே இல்லை. டெலிவிஷன் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வெளிச்சம் இல்லாத இடத்தில் செடி வளராது என்பது உழவனுக்குத் தெரிந்த விஷயம்.

வான் அலை யாருக்குச் சொந்தம்?

வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1993-ல் நடந்த ஒரு கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் மூண்ட தகராறில் பிறந்த தீர்ப்பு அது. 2007-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று சர்க்கார் அறிவிக்கும் ஆட்டங்களைத் தனியார் நிறுவனங்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். இதனால் கேபிள் இல்லாத ஏழை வீட்டிலும் இந்தியாவின் ஆட்டம் தெரிகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் பெரிய ஆட்டத்தை ஏழைக்குக் கொண்டுவர அது வழி செய்தது. சிறிய ஊரின் ஆட்டத்தை நாட்டுக்குக் கொண்டுவர வழி செய்யவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. ஐ.பி.எல். நடத்துவோரே டெலிவிஷன் வருமானத்தில் கோஷ்டிகளுக்கு உரிய பங்கில் பெரும்பகுதியைச் சமமாகத்தான் பிரிக்கிறார்கள். பணத்தைச் சமமாகப் பங்கிட முடிந்தவர்களுக்கு, வெளிச்சத்தைப் பங்கிட முடியாதா? வென்றவரும் இரண்டாவதாக வந்தவரும் தொடக்க ஆட்டம் ஆடுவார்கள் என்று ஒரு விதி செய்தால் போதும். யாருடைய வருமானமும் அதில் மூழ்கிவிடாது. தொழில் நகரங்களிலும் சிற்றூர்களிலும் மீட்டர்களைப் பெருக்கினால் கணக்கு நேராகும். தூர்தர்ஷனும் பெரியவர்களின் மிச்சத்துக்குக் காத்திராமல், மாவட்ட மைதானங்களுக்குத் தன் காமிராவைக் கொண்டுபோகலாம். லாபம் பார்க்கும் கடமை தனியாருக்கு இருக்கலாம். பொதுஜனங்களின் பணத்தில் நடக்கும் நிலையத்துக்கு வேறு கடமை உண்டு.

ஒரகடத்தில் ஆட்டம் முடிய இரவு பதினொரு மணிக்கு மேலாகிவிடுகிறது. சென்னை வென்றால் பட்டாசு வெடிக்கிறது. ஒடிசா இளைஞரும் சேர்ந்து கைதட்டுகிறார். தமக்கென்று ஒன்று இல்லாதபோது, பக்கத்தில் இருப்பவரின் மகிழ்ச்சியில் பங்கு கொள்வது நல்ல மனத்தின் அடையாளம். என்றைக்காவது அவருடைய ஊர் ஆட்டம் அதே பெட்டியில் வரும்போது, பக்கத்தில் நின்று கைதட்டத் தமிழ் இளைஞரும் தயாராக இருக்க வேண்டும். அந்த ஆட்டத்தைக் காட்டுவதற்கு ஒரு காமிராவும் தயாராக இருக்க வேண்டும்.