சூட்டுக்கு முந்திய சிரத்தை

பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் வாழ்த்து அட்டைகளைக் கடையில் வாங்கித் தபாலில் சேர்க்கும் வழக்கம் கைபேசியின் வரவால் ஏறக்குறைய அஸ்தமித்துவிட்ட இக்காலத்தில், அட்டையைத் தம் கையாலேயே செய்து கொடுக்க வேண்டுமென்ற ஆசை கொண்டவர்கள் சிலர் நம் நகரங்களில் தோன்றியிருப்பது சந்தோஷமான விஷயமே. அவர்களுள் பலரும் விரும்பிக் கையாளும் சாதனம், எழுத்தையும் சித்திரத்தையும் பொன்னிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மேலெழும்பி நிற்கச் செய்யும் எம்போஸிங் பவுடர். ஆனால் விற்பனைக்கு வரும் அட்டைகள் பலவற்றில், எழுத்தைச் சுற்றிலும் பொன் துகள்கள் புள்ளி புள்ளியாக உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதைச் சுட்டிக் காட்டினாலோ, கைவேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்ற சமாதானம் தயாராக வருகிறது.

இந்தச் சமாதானம் எனக்குச் சம்மதமன்று. செய்தவரின் கையை நாம் காண்பது கோட்டின் வளைவிலும், முத்திரையை அழுத்தியதில் உள்ள ஏற்றத்தாழ்விலும், எங்கே பொன்னிடுவது, எங்கே வெறுமையாக விடுவது என்று அவர் செய்த நிர்ணயத்திலுமேயன்றி, வழிதவறி வந்து ஒட்டிய தூசியில் அன்று. அது அவசரத்தின் அடையாளம், அவ்வளவுதான்.

பொடியின் தன்மை எளியது. உஷ்ணத்தில் உருகி, ஆறியதும் இறுகிவிடும் பிசின் துகள்தான் அது. சீக்கிரம் உலராத மையில் முத்திரையைத் தோய்த்து அட்டையில் பதித்து, ஈரம் இருக்கும்போதே பொடியைத் தூவி, மிகுதியைத் தட்டிக் கொட்டிவிட்டுச் சூடு காட்டினால் காரியம் முடிந்தது. கல்யாணப் பத்திரிகைகளிலும் விசிட்டிங் கார்டுகளிலும் விரலுக்குத் தட்டுப்படும் மேடெழுத்துகளில் பெரும்பகுதி இதே தத்துவத்தில் பிறந்தவையே. அச்சகத்தில் ஈர மையோடு வரும் தாளின்மேல் இயந்திரம் பொடியைப் பொழிந்து, ஒட்டாததையெல்லாம் காற்றால் உறிஞ்சி எடுத்த பிறகே தாளை அடுப்புக்குள் செலுத்துகிறது. உறிஞ்சுவது முன்னால், அடுப்பு பின்னால் என்ற இந்த வரிசையிலேதான் சூட்சுமம் அனைத்தும் அடங்கியிருக்கிறது. நம்மவர்களோ சூடு காட்டுவதற்கான விலையுயர்ந்த ஹீட் கன் வாங்குவதில் காட்டும் உற்சாகத்தில் பாதியைக்கூட அதற்கு முந்திய வேலையில் காட்டுவதில்லை.

துகள் ஏன் வேண்டாத இடத்தில் ஒட்டுகிறது? விரலின் எண்ணெய்ப் பசை ஒரு காரணம். கடலோர ஊர்களில் காகிதம் தானாகவே ஏற்றுக்கொள்ளும் ஈரம் மற்றொன்று. வறண்ட காற்றில் தாளில் ஏறும் நிலைமின்சாரம் வேறொன்று. (அழைப்பிதழின் மூலையில் மஞ்சள் தடவுகிற மங்கல வழக்கத்தைச் சூடு காட்டும் முன்பே முடித்துவிட எண்ணுகிறவர்கள், அந்த மூலையும் பொன்மயமாவதைக் காண்பார்கள்!) இதற்கு உபாயம், சோளமாவு போன்ற நயமான பொடியை மெல்லிய துணியில் முடிந்து, முத்திரை பதிக்கும் முன் அட்டையின்மேல் லேசாக ஒற்றியெடுப்பது. அளவு மீறினால் கறுப்பு அட்டையில் வெண்சாம்பல் படிந்ததுபோல் தெரியும் என்பதால், வேலை முடிந்ததும் அதைத் துடைத்துவிட வேண்டும். தூவும்போது மின்விசிறியை நிறுத்துவது அவசியம். புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மிகுதியைக் கொட்டியபின் அட்டையின் முதுகில் விரலால் சுண்டி, அப்போதும் எஞ்சியிருக்கும் துகளை உலர்ந்த மெல்லிய தூரிகையால் நீக்குவதற்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். அந்த நிமிஷத்தை மிச்சப்படுத்தியவர்களின் அட்டைகளைத்தான் நாம் புள்ளிகளோடு காண்கிறோம். உருகிய துகளைப் பிறகு சுரண்டப் போனால் காகிதமும் கூடவே உரியும்.

சூட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தலைமுடி உலர்த்தும் கருவி இதற்கு உதவாது. அதன் காற்று பலமானது, வெப்பமோ போதாது, ஆகவே பொடி உருகுவதற்குமுன் பறந்துவிடும். ஹீட் கன்னை முதலில் வேறு பக்கம் காட்டிச் சூடேற்றிக்கொண்டு, பின்னரே அட்டைக்குக் கொண்டுவர வேண்டும். வெல்லப்பாகு பதம் தப்பினால் மீளாததுபோல் இதற்கும் ஒரு கணமே பக்குவம்; சொரசொரப்பு மறைந்து பளபளப்பு தோன்றியதும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். மேலும் காய்ச்சினால் பிசின் காகிதத்துக்குள் இறங்கி, மேடும் பிரகாசமும் போய், எண்ணெய்க் கறை போன்றதொரு மங்கலே எஞ்சும்.

நம் பாஷைக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. ண, ஞ, ணை போன்ற எழுத்துகளின் சிறு சுழிகளில் பருமனான பொடி நிரம்பி, உருகியதும் சுழியே அடைபட்டுப் பொட்டாகிவிடுகிறது. ஆங்கில எழுத்துகளுக்குச் சரிப்படும் பொடி தமிழுக்கும் சரிப்படும் என்று எண்ணுவது பிழை. நுண்ணெழுத்துக்கென்றே விற்கும் மிக நயமான பொடியை வாங்குவதோடு, ரப்பர் ஸ்டாம்ப் செய்து தருகிறவரிடம் சுழிகளைச் சற்று அகலமாக அமைக்கும்படியும் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு அவர் கூடுதலாகக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவதே நியாயம்.