எண்ணூர்க் கழியைக் கண்காணிக்கும் மக்களின் கொள்கைப் பிரகடனம்

எண்ணூர் முகத்துவாரம் முதல் பழவேற்காடு வரை கழியை நம்பி வாழும் நாங்கள் ஒன்றுகூடியிருக்கிறோம். வலை வீசுகிறவர்கள், பறிக் கூடையை வாயில் கடித்தபடி சேற்றில் கையால் இறால் தேடும் இருளர்கள், மட்டி பொறுக்கும் பெண்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், ஆலைகளில் வேலை செய்து இந்தக் குப்பங்களுக்கே வீடு திரும்புகிறவர்கள் எல்லாரும் இதில் இருக்கிறோம். இந்தக் கழியையும் இதில் வாழும் ஆளி, மட்டி இனங்களையும் அன்றாடம் கண்காணிக்கும் பொறுப்பை இன்று முதல் ஏற்கிறோம். கழியைப் பார்க்க எங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பார்த்ததை நாங்கள் சொன்னால் அது அரசின் பதிவேட்டில் ஏற வேண்டும், அதற்குப் பதில் வர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

நாங்கள் இழந்தவை

கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து வந்து எண்ணூரில் வங்கக் கடலைச் சேர்கிறது. ஆற்று நீரும் ஓதத்தோடு ஏறிவரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் ஆளி, பச்சை ஆளி, மஞ்சள் மட்டி, இறால், நண்டு என எல்லாம் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன. ஆளியும் மட்டியும் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசியைத் தின்று, தெளிந்த நீரை வெளியே விடும். அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஆளி ஒன்று ஏற்ற சூழலில் நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை வடிகட்டும் என்று அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். ஆளிப் படுகையின் இடுக்குகளில் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து பிழைக்கும். பழைய ஆளியின் ஓடு போன்ற கெட்டியான பரப்பில்தான் புது ஆளிக் குஞ்சு ஒட்டும். ஓட்டை அள்ளிவிட்டாலோ சேற்றில் புதைத்துவிட்டாலோ அடுத்த தலைமுறைக்குப் பற்றிக்கொள்ள இடமில்லை.

1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. நாட்டுக்கு மின்சாரமும் சரக்குப் போக்குவரத்தும் கிடைத்தன. விலையைக் கழி கொடுத்தது. மின் நிலையங்களின் சாம்பல் குழாய்கள் கசிந்து ஆறு மேடிட்டது. படகு போன இடத்தில் இடுப்பளவு நீர்கூட இல்லாமல் போனது. சாம்பலை அகற்றிக் கழியை மீட்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் உத்தரவிட்டது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, முகத்துவாரம் எங்கும் படிந்தது. இரண்டு முறையும் மீனவர்களும் இளைஞர்களும் வாளியாலும் குவளையாலும் அதை அள்ளினார்கள். அந்தக் கைகளுக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். ஆனால் அடுத்த முறையும் அப்படியே அள்ளச் சொல்வதை ஏற்கமாட்டோம்.

இப்போது காக்கா ஆழி வந்திருக்கிறது. மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி, கப்பல்கள் நிலைப்பாட்டுக்காகச் சுமந்துவரும் பாலாஸ்ட் நீர் வழியாக நம் கரைக்கு வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. உப்பு கூடினாலும் குறைந்தாலும் அது தாங்கும். ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, மட்டியை மூடுகிறது. இறால் புதைந்து வாழும் மண்ணை அடைக்கிறது. அதன் கூரிய ஓடு கையையும் காலையும் கிழிக்கிறது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் இதே சிப்பி பரவியிருக்கிறது. துறைமுகத்தைக் கவனிக்காமல் ஆளியையும் மட்டியையும் காக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எங்கள் கொள்கைகள்

1. கழி மீண்டதா என்பதற்கு உயிரே அளவுகோல். எத்தனை கோடி செலவானது, எத்தனை லாரி மண் அள்ளப்பட்டது என்பவை வேலையின் கணக்கு. மட்டி திரும்பியதா, ஆளிக் குஞ்சு ஒட்டியதா, இறால் கைக்கு அகப்படுகிறதா என்பதே மீட்பின் கணக்கு.

2. கெடுத்தவரே சீராக்க வேண்டும். எங்கள் தொண்டு பார்ப்பது, அளப்பது, எழுதுவது, கேட்பது. நச்சை அள்ளுவது தொண்டாகாது. அது பயிற்சியும் பாதுகாப்புக் கவசமும் முறையான கூலியும் வேண்டிய வேலை. அதன் செலவு கெடுத்தவரைச் சேரும்.

3. மீட்பு என்ற பெயரில் புதிய கேடு கூடாது. காக்கா ஆழியை இயந்திரத்தால் கிளறினால் அடியில் கிடக்கும் சாம்பலும் எழும்பும். அதனால் எங்கே கையால் எடுப்பது, எங்கே இயந்திரம் இறக்குவது என்பதைக் கழியை அறிந்த மீனவர்களோடு சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். எடுத்ததை நீரிலோ கரையோரத்திலோ கொட்டக்கூடாது. வேறு நீர்நிலையிலிருந்து உயிருள்ள சிப்பியைச் சோதிக்காமல் இங்கே விடக்கூடாது. படுகைக்காகப் போடும் ஓடுகளை நீண்ட காலம் வெயிலில் உலர்த்திய பிறகே போட வேண்டும்.

4. படுகையை மீட்பது வேறு, உண்பது வேறு. ஆளியும் மட்டியும் நீரிலுள்ள கன உலோகத்தையும் கிருமியையும் தம் உடலில் சேர்த்துக்கொள்ளும். நியூயார்க் துறைமுகத்தில் உணவகங்களின் ஆளி ஓடுகளைச் சேகரித்துத் தன்னார்வலர்களும் பள்ளிப் பிள்ளைகளும் படுகை கட்டுகிறார்கள். நீரைத் தெளிவிக்கவும் மற்ற உயிர்களுக்கு இடம் தரவும் வளர்க்கும் அந்த ஆளிகளை அவர்கள் உண்பதில்லை. எண்ணூரிலும் ஆய்வகச் சோதனை இல்லாமல் எந்தச் சிப்பியையும் நல்லது என்று சொல்லமாட்டோம். அதே சமயம், அந்தச் சோதனையைக் காட்டி மட்டி எடுப்பவர்களின் பிழைப்பைப் பறிக்கவும் விடமாட்டோம். சோதனையில் கேடு தெரிந்தால் கேடு செய்தவர் இழப்பீடு தர வேண்டும்.

5. எடுக்கும் நாங்களும் விதிக்குக் கட்டுப்படுவோம். அஷ்டமுடியில் மட்டி குறைந்தபோது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கத் தடை வந்தது. வலைக்கண்ணின் அளவும் வரையறுக்கப்பட்டது. மீனவர்களும் ஆய்வாளர்களும் அதிகாரிகளும் ஒரே அவையில் அமர்ந்து அந்த வளத்தை நடத்தினார்கள். 2014இல் இந்தியாவின் முதல் உலகத் தரச் சான்று பெற்ற மீன்வளம் அதுவே. எங்கள் கழியில் மட்டி திரும்பும்போது, எந்த மாதம் கைவைக்கக்கூடாது என்பதை நாங்களே கூடி முடிவு செய்து நாங்களே காப்போம்.

எங்கள் கோரிக்கைகள்

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். அந்த இடங்களுக்குக் குப்பங்களின் கூட்டத்தில் தேர்ந்தெடுத்தவர்களை அமர்த்த வேண்டும். ஒருவராவது கையால் இறால் பிடிக்கும் குடும்பத்துப் பெண்ணாக இருக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு ஆலையும் துறைமுகமும், நிபந்தனைகளைப் பின்பற்றுவது குறித்து ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் அறிக்கை தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. அந்த அறிக்கைகள் தமிழில் குப்பங்களுக்கு வர வேண்டும்.

பாலாஸ்ட் நீர் பற்றிய உலக உடன்படிக்கை 2004இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் அந்த நீரை எங்கே மாற்றின, எப்படிச் சுத்திகரித்தன என்ற பதிவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

தூர்வாரல், சாம்பல் அகற்றல், காக்கா ஆழி அகற்றல் ஆகிய எந்தப் பணிக்கும் 'முடிந்தது' என்று சான்றளிக்கும் முன், எங்கள் பதிவேட்டையும் அதிகாரிகளின் பதிவேட்டையும் பொதுக்கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு நாங்களே விதித்துக்கொள்பவை

இந்த இயக்கம் எந்த ஆலையிடமும் துறைமுகத்திடமும் ஒப்பந்தக்காரரிடமும் பணம் வாங்காது. கட்சிப் பொறுப்பில் இருப்பவர் இதில் பொறுப்பு வகிக்கமாட்டார். செயற்குழுவில் பாதி இடம் பெண்களுக்கு.

ஒவ்வொரு குப்பத்தின் பொறுப்பிலும் கழியின் ஒரு பகுதி இருக்கும். அங்கே நீரின் நிறம், வெப்பம், உப்பு, ஆழம், கிடைத்த மட்டி, ஒட்டிய ஆளிக் குஞ்சு, செத்த மீன் ஆகியவற்றைக் குறிப்பிட்ட நாட்களில் ஒரே முறையில் அளந்து எழுதுவோம். அளந்தவர் பெயரும் நேரமும் படமும் இல்லாத எதையும் பதிவாகக் கொள்ளமாட்டோம். எங்களுக்குச் சாதகமில்லாத அளவையும் மறைக்கமாட்டோம். நீர் தெளிந்திருந்தால் தெளிந்தது என்றே எழுதுவோம். உப்பைக் கருவி சொல்லும்; எந்தத் திட்டில் முன்பு மட்டி இருந்தது என்பதைப் பெரியவர்கள்தான் சொல்வார்கள். இரண்டும் எங்கள் ஏட்டில் அருகருகே நிற்கும்.

மாதந்தோறும் அந்த ஏட்டைக் குப்பத்தின் பொது இடத்தில் உரக்கப் படிப்போம். பதில் வராத கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்போம். அப்போதும் பதில் வராவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் இந்த ஏட்டையே வைப்போம்.

அழைப்பு

சென்னையின் வெள்ளம் வடியும் வாய்களில் ஒன்று இந்த முகத்துவாரம். இது அடைபட்டால் குப்பங்களோடு நகரமும் மூழ்கும். அதனால் ஆலைத் தொழிலாளர்களையும் கல்லூரி மாணவர்களையும் ஆய்வாளர்களையும் வழக்கறிஞர்களையும் நேர்மையான அதிகாரிகளையும் அழைக்கிறோம். இந்த இயக்கத்தில் சேரக் கட்டணம் கிடையாது. ஓர் ஓதம் ஏறி இறங்கும் நேரம் எங்களோடு கழியில் நின்று அளந்து, கண்டதைக் கண்டபடி எழுதி, அதன் கீழே கையெழுத்திட வேண்டும். அப்படிக் கையெழுத்திடும் எவரும் இந்த இயக்கத்தின் உறுப்பினர். இந்தப் பிரகடனத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பாளி.