மூணு வருஷத்தில் மனசு டாக்டரா?

என் மகள் பி.எஸ்சி., சைக்காலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சேர்த்தபோது, 'பிள்ளைய கிறுக்குப் படிப்புக்கா விட்டிய?' என்று கேட்ட சொந்தக்காரர்களே, இப்போது, 'மக்ளே, என் மனசுல என்ன இருக்கு, சொல்லு பாப்போம்' என்கின்றனர். ஜோசியம் என்று நினைப்பு! 1916லேயே கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தனித் துறை வந்துவிட்ட சாஸ்திரம் இது. அவள் புத்தகங்களைப் புரட்டினால், குழந்தை வளர்ச்சி, சமூகம், தொழிற்சாலை, மனநோய் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கிளை.

போன மாசம், பக்கத்து வீட்டு மைனி, பிரசவமாகி மூன்று வாரமான மகளைக் கூட்டி வந்தார். தூக்கமில்லை, ஓயாத அழுகை. பிள்ளையைத் தொடவே பயம்.

'நீதான் படிக்கியே, பேசிச் சரியாக்கு' என்றார்.

என் மகளோ, 'அத்தை, இதுக்குப் பேரு தெரியும். வைத்தியம் தெரியாது' என்று, அன்றைக்கே ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். மார்க் வாங்கியதைவிட எனக்கு இதுதான் பெருமை.

பி.எஸ்சி., முடித்ததும் போர்டு மாட்ட முடியாது. மேல்படிப்பும் பயிற்சியும் முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்தால்தான் மருத்துவ உளவியலாளர். மருந்து எழுத, எம்.பி.பி.எஸ்., முடித்து மனநல மருத்துவமும் படித்த டாக்டர் வேண்டும். ஆகவே தாய்மார்களே, பிள்ளையைச் சேர்க்கும்போதே, மேலே படிக்கவைக்க கையில் வழி இருக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் பேச, 14416 என்ற அரசு இலவச போன் எண்ணையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

— ஒரு வாசகி, பத்மநாபபுரம்.