கணக்கில் வராத பெண்கள்

நம் ஊரில் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் அரை மணிக்குள் ஒரு கேள்வி முளைத்துவிடும்: "பெரியவர் யார்?" பாகவதரா, சின்னப்பாவா என்று ஒரு தலைமுறை வாதாடிக் காப்பியை ஆறவிட்டது. எம்.எஸ்.ஸா, பட்டம்மாளா என்று சில வீடுகளில் சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தையே நின்று போயிற்று. இந்த வழக்குகளில் எதிலாவது தீர்ப்புச் சொல்லப்பட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. தீர்ப்பு வந்திருந்தால் வாதிகளும் பிரதிவாதிகளும் மாலைப் பொழுதை எப்படிக் கழித்திருப்பார்கள், பாவம்!

இப்போது வழக்கு கூடைப்பந்து மைதானத்துக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்துக்காக 2020 முதல் 2024 வரை ஆடிய கெய்ட்லின் கிளார்க் என்ற பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. அவருக்கு முன்னால் ஆடிய மகாராணிகளோடும் மகாராஜாக்களோடும் ஒப்பிட்டால் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது கேள்வி. வேங்கிக்காலில் என் வீட்டுத் திண்ணையிலேயே வாரம் இருமுறை இந்த வழக்கு விசாரணைக்கு வருகிறது. ஒரு கட்சிக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆஜராகிறார். மறு கட்சிக்கு அடுத்த வீட்டுக் கல்லூரிப் பெண்.

"ஏம்மா, இந்தக் காலத்து ஆட்டமும் ஒரு ஆட்டமா?" என்பார் அவர்.

"நம்பரைப் பாருங்க சார், அப்புறம் பேசுங்க" என்பாள் அவள்.

இரண்டு கட்சியும் தவறு என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம்பரையே பார்ப்போம். நான்கு பருவங்களில் 139 ஆட்டங்கள் ஆடி 3,951 புள்ளிகள் எடுத்தார் கிளார்க். 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி கெல்சி ப்ளம் எடுத்திருந்த 3,527-ஐத் தாண்டினார். மார்ச் 3-ஆம் தேதி, ஆண்களில் முதலிடத்தில் இருந்த பீட் மாரவிச்சின் 3,667-ஐயும் தாண்டினார். அந்த ஆண்டு பெண்கள் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 48 லட்சம் பேர்தான். அந்த இறுதி ஆட்டத்தில் கிளார்க்கின் அணி 87-க்கு 75 என்று தென் கரோலினாவிடம் தோற்றது. தோற்றாலும் கூட்டத்தை இழுத்தவர் யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை.

தலைமையாசிரியர் கட்சிக்கும் பதில் இருக்கிறது. மாரவிச் ஆடியது மூன்றே பருவங்கள், 83 ஆட்டங்கள். அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்களைப் பெரிய அணியில் சேர்க்கமாட்டார்கள். எட்டத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்னும் கோடும் அப்போது கிடையாது. ஆட்டத்துக்குச் சராசரி 44 புள்ளிக்கு மேல் எடுத்தவரை, 28 எடுத்தவர் தாண்டிவிட்டார் என்றால் அது என்ன தாண்டல் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது.

ஆனால் இந்தக் கணக்குப் போடுகிறவர்கள் அதை முழுவதும் போட்டுப் பார்க்க வேண்டாமா? கான்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் 1977 முதல் 1981 வரை ஆடிய லினெட் வுட்டார்ட் என்ற பெண்மணி எடுத்தது 3,649 புள்ளிகள். அவரும் ஆடியது சரியாக 139 ஆட்டங்கள்! கிளார்க் போட்ட கூடைகளில் 548, மூன்று புள்ளிக் கூடைகள். அந்தக் கோடு இல்லை என்று வைத்துக்கொண்டு கூடைக்கு ஒரு புள்ளி வீதம் கழித்தால் மிஞ்சுவது 3,403. வுட்டார்ட் ஜெயித்துவிட்டார். அதோடு, பெண்களுக்கென்று சற்றே சிறிய பந்து வந்ததே 1984-ல்தான். வுட்டார்ட் ஆண்களின் பெரிய பந்தைக் கொண்டு ஆடியவர்.

அப்படியானால் வழக்கு முடிந்ததா? முடியவில்லை. கோடு இல்லாவிட்டால் கிளார்க் அத்தனை எட்டத்தில் போய் நின்றிருக்கவே மாட்டார். வேறு விதமாக ஆடியிருப்பார். கோடு இருந்திருந்தால் வுட்டார்டும் வேறு விதமாக ஆடியிருப்பார். 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. இன்றைக்கு ஒரு படம் மூன்று வாரத்தில் கோடி கோடியாக வாரிக்கொண்டு போய்விடுகிறது. இரண்டில் எது பெரிய வெற்றி? டிக்கெட் விலையும் தியேட்டர்களின் எண்ணிக்கையும் ஜனங்களின் பழக்கமும் மாறிவிட்ட பிறகு, ரூபாயை ரூபாயோடு வைத்து அளப்பது அளவாகாது.

இன்னொரு வேடிக்கை. கிளார்க் ஆடுகிற இடத்துக்குப் 'பாயிண்ட் கார்டு' என்று பெயர். பந்தை முன்னே கொண்டுவந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரே பார்வையில் கண்டு, யாருக்கு எந்தக் கணத்தில் கொடுத்தால் கூடை விழும் என்று தீர்மானிக்கிறவர் அவர். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த இலையில் என்ன தீர்ந்தது என்று அவருக்குத் தெரியவேண்டும். அப்படிப்பட்டவரை, "இவர் எத்தனை லட்டுச் சாப்பிட்டார்?" என்று கேட்டா மதிப்பிடுவது? அந்தப் பைத்தியக்காரத்தனத்தைத்தான் இரண்டு கட்சிகளும் செய்துகொண்டிருக்கின்றன! பரிமாறிய கணக்கைப் பார்த்தால், பிறர் கூடை போட வழிசெய்த பாஸ்கள் கிளார்க்குக்கு 1,144. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் 1988 வரை ஆடிய சூஸி மெக்கானலுக்கு 1,307. இந்த வரிசையில் கிளார்க் மூன்றாவதாக நிற்கிறார். ஆனால் திண்ணையில் மெக்கானலின் பெயரை எந்தக் கட்சியும் இதுவரை உச்சரித்ததில்லை.

அதற்காக, ஒப்பிடுவதே பாவம் என்று உபதேசம் செய்யும் சாதுக்களின் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். "அவரவர் காலத்தில் அவரவர் பெரியவர்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வது சோம்பேறியின் சமரசம். எங்கள் மலையை வேங்கிக்காலிலிருந்து பார்த்தால் ஒரு வடிவம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் போய்ப் பார்த்தால் வேறு வடிவம். அதனால் மலைக்கு உயரமே இல்லை என்று யாராவது சொன்னால் சிரிப்போம். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு அளந்தால் அளவு நிற்கும். ஒப்பிடத்தான் வேண்டும். ஆனால் ஒப்பிடுவதற்கு இரண்டு பக்கமும் கணக்கு இருக்க வேண்டும். என்னுடைய கோபமெல்லாம் இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

கிளார்க் 2024 பிப்ரவரியில் ப்ளமைத் தாண்டியபோது, பெண்களில் இனி இவரே முதல்வர் என்று செய்தி பறந்தது. வுட்டார்டின் 3,649 அப்போதும் தாண்டப்படாமல் இருந்தது! எப்படி இந்த விந்தை? வுட்டார்ட் ஆடிய காலத்தில் பெண்கள் போட்டிகளை நடத்தியது பெண்களுக்கென்றே ஏற்பட்ட தனிச் சங்கம். கல்லூரி விளையாட்டில் செல்வாக்குள்ள பெரிய சங்கமாகிய என்.சி.ஏ.ஏ. பெண்கள் கூடைப்பந்துப் போட்டியை நடத்த ஆரம்பித்தது 1981-82 பருவத்தில்தான். அதற்கு முந்தியவற்றை 2024-ல் அந்தச் சங்கத்தின் சாதனைப் பட்டியல் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு வந்த பஞ்சாயத்து, தான் வருவதற்கு முன்னால் கட்டின வீடுகளெல்லாம் வீடுகளே அல்ல என்று சொல்வது போல இருக்கிறது இது. வீட்டில் குடியிருந்தவர்கள் மட்டும் பொய்யா?

தெற்குக் கரோலினாவின் சிறிய கல்லூரி ஒன்றில் ஆடிய பெர்ல் மூரின் கதை இன்னும் ஒரு படி மேல். 1975 முதல் 1979 வரை, இரண்டு கல்லூரிகளிலுமாகச் சேர்த்து அவர் எடுத்தது 4,061 புள்ளிகள். கிளார்க் ஆடி முடித்த பிறகும் அந்த எண் தாண்டப்படவில்லை. நெய்ஸ்மித் பெயரால் அமைந்த புகழ் மண்டபத்தில் மூருக்கு இடம் கிடைத்தது 2021-ல். ஆட்டத்தை முடித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு.

இந்த அநியாயத்தில் கிளார்க்குக்குப் பங்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய பயிற்சியாளர் லிசா ப்ளூடர், வுட்டார்டின் எண்தான் உண்மையான எண் என்று வெளிப்படையாகவே பேசினார். பிப்ரவரி 28-ல் அந்த எண்ணும் தாண்டப்பட்டது. மார்ச் 3-ஆம் தேதி ஆட்டத்துக்கு வுட்டார்டே வந்து அமர்ந்து பார்த்தார். ஆடுகிறவர்களுக்குள் பகை இல்லை. பட்டியல் எழுதுகிறவர்களும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுமே பகையை உண்டாக்குகிறோம்.

"அமெரிக்காக்காரன் பட்டியலுக்கு வேங்கிக்காலில் ஏன் இத்தனை கோபம்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் பட்டியலில் சில பெயர்கள் விட்டுப்போயின. நம்மிடம் பட்டியல் எங்கே?

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். பல ஆண்டுகள் அணித் தலைவியாக இருந்தவர். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். சென்னையில் 1920-லேயே ஹாரி க்ரோ பக் உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்துவிட்டார். அத்தனை நீண்ட பாரம்பரியம் உள்ள நாட்டில், அனிதா கல்லூரிப் பெண்ணாக இருந்தபோது எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை பாஸ் கொடுத்தார் என்று வாசகர்களில் யாராவது சொல்ல முடியுமா? அவருக்கு இருபது வருஷம் முன்னால் ஆடிய பெண் ஒருத்தியின் பெயரையாவது சொல்ல முடியுமா? எம்.எஸ்.ஸா, பட்டம்மாளா என்று சண்டை போட நமக்கு இசைத் தட்டுகளாவது இருந்தன. நம் கூடைப்பந்துப் பெண்களைப் பற்றிச் சண்டை போடக்கூட நமக்கு வக்கில்லை!

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் இங்கே கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் குடியிருக்கிறார். 1970-களில் ஒரு கல்லூரியில் மூன்று வருஷம் பாயிண்ட் கார்டாக ஆடியவர். பேத்தி, "பாட்டி, நீங்க எத்தனை பாயிண்ட் எடுத்தீங்க?" என்று கேட்டாளாம். அந்த அம்மாள் ஆட்டக் கணக்குத் தாள்களைத் தேடிக்கொண்டு, தாம் படித்த கல்லூரிக்கே பஸ் ஏறிப் போனார். கல்லூரியின் பெயர் வேண்டாம். எந்தக் கல்லூரியாகவும் இருக்கலாம். இடம் போதவில்லை என்று பழைய தாள்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். ஆண்கள் வாங்கின கோப்பைகள் மட்டும் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருந்தனவாம். அந்த அம்மாள் இதை என்னிடம் சொன்னபோது கண்ணீர் விடவில்லை. "பேத்திகிட்ட ஒரு நம்பர் சொல்லணும்னு ஆசைப்பட்டேங்க, அவ்வளவுதான்" என்றார்.

"புள்ளிக் கணக்கில் என்ன இருக்கிறது? ஆடிய ஆனந்தம் போதாதா?" என்று தத்துவம் பேசுகிறவர்கள் உண்டு. இந்தத் தத்துவத்தை அவர்கள் கிரிக்கெட்டுக்குச் சொல்லமாட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன் ஒருவர் சேப்பாக்கத்தில் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதை ராம நாமம் போல ஒப்பிப்பார்கள். ஆனந்தம் போதும் என்ற உபதேசமெல்லாம் பெண்களுக்கு மட்டுந்தான். சமையலுக்குக் கணக்கில்லை, பிள்ளை வளர்ப்புக்குக் கணக்கில்லை, ஆட்டத்துக்கும் கணக்கு வேண்டாம் என்கிறார்கள்.

கணக்கு இல்லாவிட்டால் நஷ்டம் யாருக்கு? இன்றைக்குச் சாயங்காலம் மைதானத்துக்குப் போக அனுமதி கேட்கும் பெண்ணுக்கு. "இதில் யார் என்ன சாதித்துவிட்டார்கள்?" என்று அவள் அப்பா கேட்கும்போது, காட்டுவதற்கு அவளிடம் ஒரு காகிதம் கிடையாது. அமெரிக்கப் பெண் ஒருத்தியைக் கைப்பேசியில் காட்டுகிறாள். "அது அமெரிக்கா" என்று அப்பா கதவைச் சாத்துகிறார். நம் ஜில்லாவில் இன்னார் மகள் இன்ன வருஷத்தில் இத்தனை எடுத்தாள் என்று அவளால் சொல்ல முடிந்தால், கதவை அவ்வளவு சுலபமாகச் சாத்த முடியாது.

ஆகையினால் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. கல்லூரிகள் வருஷந்தோறும் ஆண்டு மலர் அச்சிடுகின்றன. தாளாளர் படத்துக்கு ஒரு முழுப் பக்கம், விருந்தாளிகளின் படங்களுக்கு நாலு பக்கம் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். பெண்கள் அணியின் ஆட்டக் கணக்குக்கும் ஒரு பக்கம் கொடுக்கட்டும்: ஆடினவள் பெயர், ஆட்டங்கள், புள்ளிகள், பிறருக்கு வழிசெய்த பாஸ்கள். தாள்களை எடைக்குப் போடுவதற்கு முன் பழைய மாணவிகளுக்கு ஒரு கடிதம் போடட்டும். வீட்டில் பழைய சான்றிதழோ படமோ வைத்திருக்கும் பாட்டிமார்கள் அவற்றின் பின்புறம் தேதியையும் பெயரையும் இன்றைக்கே எழுதி வைக்கட்டும். தலைமையாசிரியரும் அடுத்த வீட்டுப் பெண்ணும் அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடட்டும். காப்பி என் செலவு.