கப்பலேறி வரும் அரிசியும் டில்லி வகுத்த விகிதமும்

ஹட் பே மக்களுக்கு அரிசியும் பருப்பும் கப்பலேறியே வந்து சேர்கின்றன. கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுவிட்டால் விலை ஏறும், கூலி ஏறாது. சிறிய அந்தமானில் வாழும் உழைப்பாளி எதை வாங்கினாலும் கடற்பயணச் செலவையும் சேர்த்தே வாங்குகிறார். டில்லியின் கணக்கிலோ அவர் வசதி படைத்தவர்!

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், நாடு முழுமைக்கும் கிராமப்புறத்தில் 75 சதவீதத்தினரையும் நகர்ப்புறத்தில் 50 சதவீதத்தினரையும் உள்ளடக்கும் என்றது. அதை மாநிலவாரியாகப் பிரித்த அன்றைய திட்டக்குழு, 2011-12ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வை அடிப்படையாகக் கொண்டது. அந்தமான் நிகோபாரின் கிராமங்களுக்குக் கிடைத்தது 24.94 சதவீதம், நகரத்துக்கு 1.70 சதவீதம். அச்சுப்பிழை அன்று தோழர்களே, ஒன்று புள்ளி ஏழுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் நகர்ப்புற மக்கள் சுமார் 1.43 லட்சம். அவர்களுள் ஏறத்தாழ 2,400 பேருக்கு மட்டுமே மலிவு தானியம் சட்டப்படியான உரிமை. எஞ்சியோருக்கு எது கிடைத்தாலும் அது நிர்வாகத்தின் விருப்பம்.

நுகர்வுச் செலவு தீவில் வசதியின் அளவுகோல் ஆகாது. ஒரு கிலோ வெங்காயத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பவர் கூடுதலாக உண்பவர் அல்லர்.

ஆழிப்பேரலை சீரழித்த ஹட் பேயில் நிலையான கூலி தந்தது அரசு வனத் தோட்டக் கழகம். அதன் எண்ணெய்ப்பனைத் தோட்டம் உச்சநீதிமன்றத்தின் 2002 ஆணைக்குப் பின் முடங்கியது. கழகத்தையே மூட 2017இல் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. கூலி தேடிப் போர்ட் பிளேர் செல்லும் தீவுத் தொழிலாளி, 24.94 சதவீதக் கிராமத்திலிருந்து 1.70 சதவீத நகரத்துக்குள் நுழைகிறார். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ அட்டை உள்ளவருக்கு உதவும். அட்டையே இல்லாதவர் எதைச் சுமந்து செல்வார்? 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. விகிதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டின் நகரங்களுக்கும் டில்லி 37.79 சதவீதமே ஒதுக்கியது. ஆயினும் இங்கே அனைவருக்குமான பொது விநியோக முறை நிற்கிறது. பற்றாக்குறையை மாநில அரசு தன் நிதியால் ஈடுகட்டுகிறது. தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. துணைநிலை ஆளுநர் வழியாக ஆள்வது ஒன்றிய உள்துறை. ஆகவே பழியை வேறெவர் மீதும் சுமத்த ஒன்றிய அரசுக்கு வழியில்லை.

ஈ-ஷ்ரம் தளத்தில் பதிந்தும் ரேஷன் அட்டை பெறாத சுமார் 8 கோடித் தொழிலாளர்களுக்கு அட்டை வழங்குமாறு உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. சட்டத்தின் உச்சவரம்பைக் காரணம் காட்டலாகாது என்பதையும் பின்னர் வலியுறுத்தியது. இவ்வாணை தீவுகளுக்கும் பொருந்தும். 2011க்குப் பின் பிறந்த குழந்தைகளைக் காணாத கணக்கைக் காட்டி எவரையும் திருப்பி அனுப்ப இயலாது.

தீவுகளில் பொது விநியோகம் அனைவருக்குமானதாக வேண்டும். கப்பல் தடைப்படும் மாதங்களுக்கு ஹட் பேயில் தானியம் முன்கூட்டியே இருப்பு வைக்கப்பட வேண்டும். ஹட் பேயிலும் போர்ட் பிளேரிலும் உள்ள நம் தோழர்கள், அட்டையில்லாத குடும்பங்களையும் அவற்றுள் ஈ-ஷ்ரம் பதிவு உடையோரையும் தெருவாரியாகப் பட்டியலிட்டு, நீதிமன்ற ஆணையின் நகலுடன் வழங்கல் துறை அலுவலகத்தில் மனுக்களாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறட்டும்.